பன்னங்கண்டி ஏன் பரந்தனுக்கு முன்னால் வந்தது?

பரந்தன், பளை, பன்னங்கண்டி. மூன்றும் கிளிநொச்சி மாவட்டத்து ஊர்கள். இவற்றை அகரவரிசையில் எழுதச் சொன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை இதே ஒழுங்கில்தான் எழுதும். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று பாடமாக்கின பிள்ளைக்கு ர முதல், ள பிறகு, ன கடைசி. அதில் ஒரு வாதமும் இல்லை.

லினக்ஸ் கணினியில் இதே பெயர்களை யுனிகோட்டில் ரைப் செய்து, மொழி அமைப்பு எதுவும் இல்லாமல் 'சோர்ட்' கட்டளையிடம் குடுத்தால் பன்னங்கண்டி முதலாவதாக வரும், பிறகு பரந்தன், பிறகு பளை. பாமினி எழுத்துருவில் ரைப் செய்த கோப்பைக் குடுத்தால் பன்னங்கண்டி, பளை, பரந்தன் என்று சரியான வரிசையின் நேர்த் தலைகீழாக வரும். மூன்று ஊர், மூன்று வரிசை. கணினி ஒன்றிலும் பிழை விடவில்லை. மூன்று தடவையும் தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்தது.

வரிசைதானே, இதில என்ன இருக்கு எண்டு கேட்கலாம். வன்னியில் வளர்ந்த ஆக்கள் அப்பிடிக் கேட்க மாட்டினம். நிவாரண அட்டை, குடும்ப அட்டை, மீள்குடியேற்றப் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல் எண்டு எங்கட அப்பா அம்மாவின்ர அரைவாசி வாழ்க்கை பட்டியலுக்கு முன்னால் நின்று கழிந்தது. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் சனம் தேடினது பெயர்களைத்தான். "பட்டியலில பேர் இல்லை" என்ற வசனம் எங்களுக்குச் சும்மா வசனம் இல்லை. இப்போது பட்டியல்கள் கணினிக்குள் போய்விட்டன. அவற்றைச் சேர்ப்பதும், பிரிப்பதும், ஒப்பிடுவதும் பெரும்பாலும் யாரோ எழுதி வைத்த பத்து இருபது வரி ஷெல் ஸ்கிரிப்ட்கள். அந்த ஸ்கிரிப்ட் எந்த மொழி அமைப்பில் ஓடுகிறது என்பதைப் பொறுத்து ஒரு பெயர் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

இந்த விசயத்தை நான் தோண்டத் தொடங்கினது ஸ்கந்தபுரத்தில் ஒரு வாசிகசாலையின் அங்கத்தவர் பட்டியலால். பழைய கோப்புகள் பாமினி, புதியவை யுனிகோட். இரண்டையும் பொருத்த பாரிசில் இருக்கிற ஒரு நண்பர் ஸ்கிரிப்ட் எழுதி அனுப்பினார். அவருடைய கணினியில் ஒரு விடை, இங்கே இன்னொரு விடை. ஏன் என்று கேட்டுக்கொண்டு போனால் அது 1960களின் அமெரிக்கா வரைக்கும் போகிறது.

ஆஸ்கி குறியீடு 1963இல் வந்தது. 7 பிட், 128 இடம். ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தற்குறி, கொஞ்சம் கட்டுப்பாட்டுக் குறிகள், அவ்வளவுதான். 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் பிறந்தபோது அது இந்த 128 இடத்துக்குள்தான் பிறந்தது. 1979இல் ஏழாவது பதிப்போடு போர்ன் ஷெல் வந்தது. இன்றைக்கும் நாங்கள் எழுதும் ஸ்கிரிப்ட்களின் இலக்கணம் அதிலிருந்து வருவது. அந்த ஷெல்லுக்கு மொழி என்று ஒன்று இருப்பதே தெரியாது. வரிசைப்படுத்து என்றால் எந்தக் குறியீட்டின் இலக்கம் சின்னதோ அது முதல். பெரிய எழுத்து எல்லாம் சின்ன எழுத்துக்கு முன்னால். தன்னுடைய மொழி மட்டும் இருக்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு அது மொழியாகத் தெரியாதுதானே.

தொல்லை ஐரோப்பாவில் இருந்து கிளம்பியது. ஜேர்மன்காரருக்கு உம்லவுட் வேண்டும், பிரெஞ்சுக்காரருக்குத் தசமத்துக்குப் புள்ளி இல்லை, காற்புள்ளி. 1984இல் புல், ஐசிஎல், சீமன்ஸ், ஒலிவெட்டி, நிக்ஸ்டோர்ஃப் ஆகிய ஐரோப்பியக் கம்பனிகள் சேர்ந்து 'எக்ஸ்-ஓப்பன்' என்ற கூட்டைத் தொடங்கினார்கள். யுனிக்ஸை ஒரே தரத்துக்குக் கொண்டுவருவது நோக்கம். அதற்குள் பல மொழி ஆதரவும் ஒரு பெரிய வேலையாக இருந்தது. 1989இல் அமெரிக்காவின் சி மொழித் தரம் வந்தபோது 'லோகேல்' என்ற கருத்து அதற்குள் ஏறியிருந்தது. 1992இல் ஷெல்லுக்கும் கட்டளைகளுக்குமான பொசிக்ஸ் தரம் அதைப் பயனாளர் கைக்குக் கொண்டுவந்தது.

லோகேல் என்றால், ஒரு ஊரின் வழக்கங்களை எழுதி வைத்த கோப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கோ. எது எழுத்து, எது எழுத்தில்லை. எது முன்னால், எது பின்னால். தசமத்துக்கு என்ன குறி. கிழமைக்கு என்ன பெயர். பிழைச் செய்தி எந்த மொழியில். ஒவ்வொன்றுக்கும் ஒரு சூழல் மாறி இருக்கு. எல்லாவற்றுக்கும் பொதுவாக 'லாங்' என்று ஒன்று, அதற்கு மேலே துறை துறையாகத் தனித்தனி மாறிகள், எல்லாவற்றையும் அடக்கி மேலே 'எல்சி_ஓல்' என்று ஒன்று. அதை வைத்துவிட்டால் மற்றவை எடுபடாது.

ஒரு லோகேலும் தெரிவுசெய்யாவிட்டால் என்ன கிடைக்கும்? அதற்கும் பெயர் வைத்தார்கள்: 'சி' லோகேல். பழைய யுனிக்ஸ் எப்படி நடந்ததோ அப்படியே. மற்ற மொழிகளுக்குப் பொதுவாக நாட்டுப்பெயரோடு சேர்த்து அடையாளம் இருக்கு, தமிழுக்கு இந்தியாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று என்று. 'சி'க்கு நாடு இல்லை. 1987இல் 13ஆவது திருத்தம் வந்தபோது சிங்களத்தோடு தமிழும் அரசகரும மொழி என்று எழுதி, ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்று எழுதினார்கள். ஷெல் உலகத்தில் 'சி' லோகேல்தான் இணைப்பு மொழி. இரண்டு பகுதியும் தங்களுக்குள் சண்டை வராமல் பேசுவதற்கு மூன்றாவதாக ஒன்று.

ஆனால் அது நடுநிலையானதா? இங்கேதான் பன்னங்கண்டி வருகுது.

தமிழ் யுனிகோட்டுக்குள் முதற் பதிப்பிலேயே, 1991இல், வந்துவிட்டது. சிங்களம் 1999இல்தான், மூன்றாம் பதிப்பில். எங்கட நாட்டு நிலைமைக்கு இது கொஞ்சம் தலைகீழான செய்தி. தமிழ் அவ்வளவு வேகமாக வந்ததற்குக் காரணம், இந்தியா 1988இல் உருவாக்கிய இஸ்கி குறியீட்டை யுனிகோட் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. இஸ்கியின் நோக்கம் எல்லா இந்திய எழுத்துகளையும் ஒரே அச்சுக்குள் வைப்பது. தேவநாகரியில் ஒரு எழுத்து எந்தக் கட்டத்தில் இருக்கோ, அதற்கு இணையான தமிழெழுத்தும் அதே கட்டத்தில். தமிழில் இல்லாத எழுத்துக்குக் கட்டம் வெறுமை. தமிழுக்கே உரிய எழுத்து, தனக்குக் கிட்டின ஒலியின் பக்கத்தில் போய் இருக்கவேண்டும். அதனால் ன போய் ந-வுக்குப் பக்கத்தில் இருந்தது. ற போய் ர-வுக்குப் பக்கத்தில். ழ, ள-வுக்குப் பிறகு. வ எல்லாவற்றுக்கும் பிறகு. ஜ வந்து ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவில் குந்திவிட்டது. புள்ளி, உயிர்க்குறிகள் எல்லாவற்றுக்கும் கடைசியில்.

1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் நியூ ஜேர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசைத்தாளில் யூடிஎஃப்-8 குறியாக்கத்தை வரைந்த கதை பலருக்குத் தெரியும். அந்தக் குறியாக்கத்தின் ஒரு நல்ல குணம், பைட்டுகளை அப்படியே ஒப்பிட்டாலும் யுனிகோட் அட்டவணையின் வரிசை மாறாது. அதன் விளைவு, 'சி' லோகேலில் தமிழை வரிசைப்படுத்தினால் கிடைப்பது இஸ்கியின் வரிசை. நாடில்லாத, மொழியில்லாத லோகேல் என்று நாங்கள் நினைக்கிறதுக்குள் தேவநாகரியின் கட்டங்கள் இருக்கு. ன, ர-வுக்கு முன்னால். எனவே பன்னங்கண்டி, பரந்தனுக்கு முன்னால். அகராதியில் 'அக்கா' முதல் வந்து 'அகம்' பிறகு வரும், மெய் முதல் என்பதால். 'சி'யில் புள்ளி கடைசி என்பதால் 'அகம்' முதல்.

இதையெல்லாம் தமிழாக்கள் கவனிக்காமல் இருக்கவில்லை. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்ற தமிழ்நெற் மாநாடு, 1999இல் சென்னையில் அடுத்தது. தமிழ்நாட்டு அரசு டாம், டாப் குறியீடுகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. இன்னொரு பக்கம் சுவிற்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம், மலேசியாவின் முத்து நெடுமாறன் போன்றோர் இணைய மடல்களில் விவாதித்து 'திஸ்கி' குறியீட்டை உருவாக்கினார்கள். கீழ்ப்பாதி ஆஸ்கி, மேற்பாதி தமிழ். இந்த விவாதங்கள் நடந்த காலத்தில் ஸ்கந்தபுரம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். 1996இல் கிளிநொச்சி நகர் இராணுவத்திடம் போன பிறகு சனம் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவி என்று வந்து குவிந்திருந்தது. கரண்ட் இல்லை. பட்டியல்கள் கையால் எழுதப்பட்டன. கையால் எழுதின பட்டியலில் லோகேல் பிரச்சினை வராது, எழுதினவரின் தலைக்குள் அகரவரிசை இருக்கும். வேறு பிரச்சினைகள் வந்தன, அது வேற கதை.

திஸ்கிக்கு ஒரு நல்லது நடந்தது. 2002இல் புருனோ ஹைப்ளே என்பவர் ஜி-லிப்சி நூலகத்துக்குள் திஸ்கியை யுனிகோட்டாக மாற்றும் பகுதியை எழுதிச் சேர்த்தார். லினக்ஸ் கணினிகள் நிறையவற்றில் 'ஐகொன்வ்' கட்டளை இன்றும் திஸ்கியை அறியும். 2007இல் திஸ்கி சர்வதேசக் குறியீட்டுப் பதிவேட்டிலும் ஏறியது. பாமினிக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

பாமினிதான் எங்கட பக்கத்தின் கதை. இலங்கையிலும் புலம்பெயர் தமிழரிடமும் கல்யாணக் காட், நினைவஞ்சலி, பரீட்சைத் தாள், கந்தோர்க் கடிதம் எல்லாம் பாமினியில் ஓடின. இன்னும் ஓடுது. 2008இல் இலங்கைத் தர நிறுவனம் தமிழுக்கான எஸ்எல்எஸ் 1326 தரத்தை யுனிகோட் அடிப்படையில் வெளியிட்ட பிறகும் ஓடுது. பழகின விரல் தரத்தைக் கேட்குமா?

பாமினி ஒரு குறியீடே இல்லை, ஒரு வேசம். கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்தின் படத்தை மட்டும் எழுத்துரு மாற்றித் தமிழாகக் காட்டும். 'தமிழ்' என்ற சொல் கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. ப என்பது ஜி. ன என்பது டி, ளை என்பதில் முதலில் வரும் ஐகாரக்குறி ஐ, ர என்பது யூ. இப்ப ஆங்கில அகரவரிசையில் டி, ஐ, யூ. பன்னங்கண்டி, பளை, பரந்தன். தலைகீழ் வரிசையின் இரகசியம் அவ்வளவுதான்.

இதுக்கு மேல்தான் உண்மையான கூத்து. பாமினியில் அ என்பது சின்ன எம், ஆ என்பது பெரிய எம். 'சி' லோகேலில் பெரிய எழுத்தெல்லாம் முதலில் வருவதால் ஆ-வில் தொடங்கும் பெயர்கள் அ-வைவிட எங்கேயோ முன்னால் போய்விடும். ஆங்கில லோகேலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வரும். பெயர்களைப் பொருத்துவதற்கு முன் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்குவது ஸ்கிரிப்ட் எழுதுபவர்களின் வழக்கம். அப்படிச் செய்தால் ஆனந்தி, அனந்தி ஆகிவிடுவார். இரண்டும் உண்மையான பெயர், இரண்டு பேரும் ஒரே ஊரில் இருக்கலாம். குமரன், 'கமரன்' ஆகிவிடுவார். அது பெயரே இல்லை என்பதால் யாராவது கண்டுபிடிப்பார்கள். அனந்தியை யார் கண்டுபிடிப்பது?

இ என்பது காற்புள்ளி. பட்டியல்களைக் கணினிகளுக்கிடையில் கொண்டுபோகும் மிகப் பொதுவான வடிவம் காற்புள்ளியால் பிரித்த கோப்பு. இந்திரா, இராசன், இளங்கோ என்று இ-வில் தொடங்கும் ஒவ்வொருவரும் வரும் இடத்தில் ஒரு கட்டம் கூடிவிடும். புள்ளி என்பது அரைப்புள்ளி, ஷெல்லுக்கு அது கட்டளை முடிந்தது என்ற குறி. ஈ என்பது 'கோப்பிலிருந்து எடு' என்ற குறி. ஹ என்பது பின்சாய்ந்த ஒற்றை மேற்கோள். ஷெல்லில் அது 'உள்ளே இருப்பதைக் கட்டளையாக ஓட்டு' என்று பொருள்படும். மேற்கோளுக்குள் வைக்காமல் ஒரு பாமினிப் பெயரை நேரடியாகக் கட்டளை வரியில் போட்டால் நடப்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

ஸ்கந்தபுரத்துக்கு நடந்தது இன்னும் வேடிக்கை. பாமினியில் ஸ என்பது மூடும் சதுர அடைப்பு, அதன் புள்ளி அரைப்புள்ளி. ஜி-லிப்சியின் பழைய ஆங்கில லோகேல்கள் வரிசைப்படுத்தும்போது நிறுத்தற்குறிகளை முதலில் கணக்கெடுக்காது. எனவே 'ஸ்' முழுக்கக் காணாமல் போய், ஊர் 'கந்தபுரம்' என்ற இடத்தில், க-வில் தொடங்கும் ஊர்களோடு போய் நின்றது. 'சி' லோகேலில் அந்த அடைப்புக்குறி பெரிய எழுத்துகளுக்கும் சின்ன எழுத்துகளுக்கும் நடுவில். ஒரே கோப்பு, ஒரே கட்டளை, ஊர் மட்டும் இடம் மாறுது. இடப்பெயர்வு எங்களுக்குப் புதுசில்லை எண்டாலும் இது கொஞ்சம் கூட.

சரி, ஒரே கணினியில் லோகேல் ஏன் மாற வேண்டும்? மாறும், நீங்கள் மாற்றாமலே. பகலில் நீங்கள் கையால் ஓட்டும்போது உங்கள் கணக்கின் மொழி அமைப்பு. இரவில் 'க்ரோன்' தானாக ஓட்டும்போது சூழல் ஏறக்குறைய வெறுமை, அனேகமாக 'சி'. டெபியன், உபுண்டு கணினிகளில் இருந்து எஸ்எஸ்ஏச் மூலம் வெளியூர் சேர்வருக்குள் நுழைந்தால், நுழைபவரின் மொழி அமைப்பும் பொதுவாகக் கூடவே போகும். சேர்வர் அதை ஏற்கும்படி அமைந்திருந்தால் பாரிசில் இருந்து நுழைபவருக்குப் பிரெஞ்சு, கிளிநொச்சியில் இருந்து நுழைபவருக்கு வேறொன்று. ஸ்கிரிப்ட் அதே ஸ்கிரிப்ட்.

பிரெஞ்சில் நுழைந்தவருக்கு என்ன நடக்கும்? சந்தாப் பணம் 1250.50 என்று கோப்பில் இருக்கு. பாஷ் ஷெல்லின் 'பிரின்ட்எஃப்' அதைப் பார்த்து, இது எண்ணில்லை என்று ஒரு முறைப்பாடு சொல்லி, 1250,00 என்று அச்சிடும். புள்ளிக்குப் பிறகு இருந்த 50 சதம் போய்விட்டது, வந்த காற்புள்ளியோ அடுத்த கட்டளைக்குப் புதிய கட்டமாகத் தெரியும்.

வரிசை மாறுவது இதைவிடச் சத்தமில்லாத ஆபத்து. இரண்டு பட்டியலையும் பொருத்தும் 'ஜொயின்', 'கொம்' ஆகிய கட்டளைகள் இரண்டும் ஒரே ஒழுங்கில் வரிசையாக இருக்கின்றன என்று நம்பி வேலை செய்கின்றன. ஒன்றைப் பகலில் அடுக்கி, மற்றதை இரவில் அடுக்கியிருந்தால், இரண்டிலும் இருக்கிற பெயர் பொருந்தாமல் விடுபடும். எச்சரிக்கை ஒன்று வரும்தான். க்ரோன் அதை யாரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டிக்குள் போட்டுவிடும். காலையில் பட்டியலில பேர் இல்லை.

பெரிய இடங்களுக்கும் இது நடந்தது. 2018 ஓகஸ்டில் வந்த ஜி-லிப்சி 2.28 பதிப்பில் வரிசை விதிகளை மொத்தமாகச் சர்வதேசத் தரத்துக்குப் புதுப்பித்தார்கள். நல்ல வேலைதான். ஆனால் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளங்கள் தங்கள் சுட்டிகளைப் பழைய விதிப்படி அடுக்கி வட்டில் எழுதி வைத்திருந்தன. இயங்குதளத்தைப் புதுப்பித்ததும் தேடல் புதிய விதிப்படி நடந்தது. இருக்கிற பதிவு இல்லை என்று வந்தது, ஒருதரம் மட்டும் இருக்க வேண்டிய பதிவு இரண்டுதரம் ஏறியது. சுட்டிகளைத் திருப்பிக் கட்டச் சொல்லி உலகம் முழுக்க அறிவுறுத்தினார்கள். துருக்கியில் இதற்கு முதலே இன்னொன்று. அங்கே சின்ன ஐ-யின் பெரிய வடிவத்துக்கும் மேலே புள்ளி உண்டு. அந்த லோகேலில் பிஎச்பி மொழி தன்னுடைய வகுப்புப் பெயர்களையே அடையாளம் காணாமல் விட்ட பிழை 2002இல் முறையிடப்பட்டு, 2013இல் வந்த 5.5 பதிப்பில்தான் தீர்ந்தது.

எழுத்தை எண்ணுவதையும் பாருங்கோ. 'தமிழ்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? அம்மம்மாவைக் கேட்டால் மூன்று. யூடிஎஃப்-8 லோகேலில் பாஷ் ஷெல்லைக் கேட்டால் 5, ஏனென்றால் இகரக்குறியும் புள்ளியும் தனித்தனி. 'சி' லோகேலில் கேட்டால் 15, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பெயரின் முதல் பத்து எழுத்தை வெட்டி அட்டையில் அச்சிடும் ஸ்கிரிப்ட், 'சி'யில் ஓடினால் நாலாவது குறியின் நடுவில் வெட்டும்.

இதற்கெல்லாம் ஷெல் உலகம் கண்ட பழைய மருந்து ஒரே வரி: ஸ்கிரிப்டின் தலையில் எல்சி_ஓல் என்ற மாறிக்கு 'சி' என்று குடுத்து ஏற்றுமதி செய்வது. மூல நிரலில் இருந்து மென்பொருள் கட்டும்போது ஓடும் 'கொன்ஃபிகர்' ஸ்கிரிப்ட்களைத் திறந்து பார்த்தால் தொடக்கத்திலேயே, மொழித் தொல்லைகள் என்று பொருள்படும் ஒரு குறிப்போடு அந்த வரி இருக்கும். தொல்லையாம்! எனக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் கோபம் உண்டு. ஆனால் மருந்து வேலை செய்யுது, அதை மறுக்க முடியாது.

மருந்தை எங்கே போடுவது என்பதில்தான் நான் பல கையேடுகளோடு ஒத்துப்போவதில்லை. ஸ்கிரிப்ட் முழுக்க 'சி' போட்டுவிட்டுப் போவது ஆங்கிலத்தில் மட்டும் தரவு வைத்திருப்பவருக்குச் சரி. தமிழ்ப் பெயர் இருக்கிற ஸ்கிரிப்டுக்கு இரண்டு வேலை இருக்கு. ஒன்று கணினி கணினியோடு பேசுவது: அடுக்கு, பொருத்து, கழி. இதில் வரிசை அழகாக இருக்கத் தேவையில்லை, மாறாமல் இருந்தால் போதும். பன்னங்கண்டி முன்னால் நின்றால் நிற்கட்டும், இரண்டு பட்டியலிலும் முன்னால் நின்றால் சரி. அந்தக் கட்டளைகளுக்கு மட்டும், அவற்றின் முன்னாலேயே 'சி' என்று எழுதலாம். ஷெல் அதை அனுமதிக்கும். மற்றது மனிசருக்குக் காட்டுவது: சுவரில் ஒட்டும் பட்டியல், வாசிக்கும் பெயர் ஒழுங்கு. அதைக் கடைசி வரியில், தமிழ் வரிசை விதியோடு, தனியாக அடுக்க வேண்டும். யுனிகோட் கூட்டமைப்பின் சிஎல்டிஆர் தொகுப்பில் தமிழுக்கென்று வரிசை விதி இருக்கு. கணினியில் இருக்கிற தமிழ் லோகேல் சரியாக அடுக்குதா என்று சோதிக்கப் பெரிய பரீட்சை வேண்டாம். பரந்தன், பளை, பன்னங்கண்டி, அக்கா, அகம் என்று ஐந்து சொல்லைக் குடுத்தால் அரை நிமிசத்தில் தெரிந்துவிடும்.

எழுத்தை எண்ண வேண்டிய, வெட்ட வேண்டிய இடத்துக்கு வெறும் 'சி' உதவாது. 'சி'யின் மாறாத வரிசையும் யூடிஎஃப்-8 அறிவும் சேர்ந்த ஒரு லோகேலை டெபியன்காரர் பல வருசமாகத் தாங்களாக வைத்திருந்தார்கள். 2022இல் ஜி-லிப்சி 2.35 அதைத் தன் மூலத்திலேயே சேர்த்துக்கொண்டது. அதிலும் 'தமிழ்' 5தான், 3 இல்லை. அம்மம்மாவின் கணக்குக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்து எண்ணத் தெரிந்த வேறு நிரல் வேண்டும்.

திகதிக்கு, கிழமைப் பெயரை வாசித்து முடிவெடுக்காமல் வருடம், மாதம், நாள் என்று இலக்கமாகக் கேளுங்கோ. தமிழ் லோகேலில் 'டேட்' கட்டளை திங்கள் என்று சொல்லும், ஆங்கிலச் சுருக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டுக்குத் திங்கட்கிழமையே வராது. பிழைச் செய்தியின் வசனத்தைத் தேடுவதும் அப்படித்தான். கட்டளை முடியும்போது தரும் இலக்கத்தைப் பார்த்தால் போதும், அதற்கு மொழி இல்லை. உண்மையிலேயே இல்லை.

பாமினிக் கோப்புகளுக்கு இந்த மருந்துகள் எதுவும் சரிவராது. முதலில் யுனிகோட்டாக மாற்ற வேண்டும். மாற்றிய பிறகுதான் அடுக்குவது, சின்ன எழுத்தாக்குவது எல்லாம். ஐகொன்வ் உதவாது என்பதால் மாற்று அட்டவணை ஒன்று எழுதவேண்டி வரும். அதில் நீளமான சேர்க்கைகள் முதலில் வரவேண்டும்: 'கொ' என்பதற்கு எகரக்குறி, க, கால் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் விதி, தனி 'க' விதிக்கு முன்னால். ஒழுங்கு மாறினால் துணைக்குறிகள் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும். ஒரு பெயருக்குள்ளேயே ஆங்கில முதலெழுத்தும் பாமினியும் கலந்திருந்தால் எந்த அட்டவணைக்கும் பிரிக்கத் தெரியாது. அந்த வரிகளை ஒதுக்கி வைத்து ஆள் இருந்து பார்க்க வேண்டும். எங்கட பட்டியலிலும் அப்படித்தான் செய்தோம், இரண்டு பின்னேரம் எடுத்தது.

மாற்றி முடிந்ததும் மூலக் கோப்பை அழித்துவிடாதேங்கோ. பாமினி எழுத்துருக் கோப்பையும் அதே உறைக்குள் போட்டு வையுங்கோ. பத்து வருசத்துக்குப் பிறகு திறப்பவரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டால், அவர் காண்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி.